கொழும்புத் தாளும் கண்டித் தாளும்

என் தங்கை அஸ்மியா இதுவரை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். 1990ஆம் ஆண்டு அகதி முகாமில் எங்கள் வரிசையில் படுத்திருந்த ஏழு பிள்ளைகளுக்குச் சின்னமுத்து அம்மை வந்தது. அவளுக்கு மட்டும் அதோடு நெஞ்சுச் சளியும் சேர்ந்தது. மருந்து கொடுக்க வந்தவர், பார்த்துப் பயனில்லை என்று நினைத்து அவளைக் கடைசியாகத்தான் பார்த்தார். அவள் பிழைத்தாள். 2006இல் சண்டையால் மறுபடியும் ஊரை விட்டு ஓடியபோது அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். அந்தப் பிள்ளை இப்போது அவளைவிட உயரம். திரும்பி வந்தபோது கூரைத்தகடு பெறுபவர்களின் பட்டியலில் அவளுடைய பெயர் இல்லை. அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்து பதினெட்டுத் தகடு வாங்கினாள். மூதூரில் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கிறாள். அவளுக்கு முன் கொடுத்தவர் மெசின் வைத்திருந்தார், அவளிடம் இருந்தது கை உரல். பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தும் கால் விரல்கள் பத்தும் பத்தாகவே இருக்கின்றன.

கடைசியாக ஒன்று இருக்கிறது, அவளுடைய சத்திரசிகிச்சை. அதை அவளிடமிருந்து தட்டிப் பறிக்கப் பார்த்த ஆள் நான். ஆகவே அதை நானே எழுதுவதுதான் முறை.

நான் சனூஸா. அஸ்மியாவைவிட ஏழு வயது மூத்தவள். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். மூதூரில் வீட்டின் முன்னறையில் தையல் மெசின் வைத்துப் பெண்களுக்குச் சட்டையும் அபாயாவும் தைக்கிறேன். அளவெடுப்பதில் கால் அங்குலம் பிழைத்ததாக இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நான் எட்டாம் வகுப்பை முடித்த வருடம் அஸ்மியா இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அந்த வருடமே நாங்கள் முகாமுக்குப் போனோம். திரும்பி வந்தபோது அவளுக்குப் பத்து வயது. சின்னப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார வெட்கப்பட்டாள். ஆகவே எழுத்து வாசிப்பு அவளுக்கு வரவில்லை. வீட்டுக்கு வரும் கடிதம், மருந்து உறை, பாடசாலை அறிவித்தல் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன்.

அவளுடைய உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். 2023ஆம் ஆண்டு எடை நூற்றிருபத்தொரு கிலோ. என்னுடைய அளவு நாடா அறுபது அங்குலம். அவளுடைய இடுப்பு ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு அங்குலம் ஏறினால் புது நாடா வாங்க வேண்டியிருக்கும் என்று நான் அவளிடம் சொன்னேன். அவள், "ரெண்டு நாடாவ முடிஞ்சி அளங்க ராத்தா, செலவு மிச்சம்" என்றாள். முழங்கால் வலியால் ஏழு வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுதாள். அதைப் பற்றி மட்டும் அவள் பகடி விடுவதில்லை.

வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தையலால்தான் தெரிய வந்தது. கிண்ணியாவில் இருந்து நுஸ்ரத் என்ற பெண் ஒரு பை நிறையச் சட்டைகளோடு வந்து, எல்லாவற்றையும் பிடித்துத் தரச் சொன்னார். ஒன்பது சட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் பிடித்தேன். மூன்று மாதத்தில் மறுபடி கொண்டுவந்தார், மறுபடி பிடித்தேன். மூன்றாம் தடவை, இனிப் பிடிக்கத் துணி இல்லை, புதிதாகத் தையுங்கள் என்று சொல்லிவிட்டு விசயத்தைக் கேட்டேன். கண்டியில் ஒரு தனியார் வைத்தியரிடம் செய்ததாகச் சொன்னார். தனியாருக்குப் போக எங்களுக்கு ஏலாது. ஆனால் கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்கள் என்றும், பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். 2023 மே மாதம் பதிந்தோம். பதினான்கு மாதம் காத்திருந்தோம். 2024 ஜூலை 30ஆம் திகதி என்று நாள் கொடுத்தார்கள்.

நாளோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். சத்திரசிகிச்சைக்கு முன் பதினான்கு நாள் என்ன சாப்பிட வேண்டும், பிறகு என்ன சாப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது. முன் பதினான்கு நாளும் ஈரலைச் சுருக்குவதற்காம்; ஈரல் பெரிதாக இருந்தால் கருவி உள்ளே போக இடமில்லை. கடைசியில் ஒரு கட்டத்துக்குள், "மேலே உள்ளவற்றை விளங்கிக்கொண்டேன்" என்று இருந்தது. அதன் கீழ் அஸ்மியா பெருவிரலை வைத்தாள். வாசித்துக் காட்டியவர் என்ற இடத்தில் நான் ஒப்பமிட்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. நான் நுஸ்ரத்துக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கட டொக்டரும் இப்பிடித்தானே எழுதினவர்?" என்று கேட்டேன்.

"எங்க, ஒருக்கா வாசிங்க" என்றார். வாசித்தேன். நாலாவது வரியில், "பாலா? பால் தொடவே கூடாது எண்டெல்லோ எனக்குச் சொன்ன" என்றார்.

தன்னுடைய தாளை அவர் தேடி எடுத்து ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டும் ஒத்துப்போன இடம் மிகக் குறைவு. கொழும்புத் தாள் ஆடை நீக்கிய பால் நாளுக்கு நான்கு கோப்பை என்றது. கண்டித் தாள் பாலே இல்லை, புரதப் பவுடர் மூன்று வேளை என்றது. கொழும்பு சோறு கூடாது என்றது. கண்டி மதியம் ஒரு கைப்பிடி, மீனோடு என்றது. கொழும்பு கீரையும் மரக்கறியும் ஒரு தட்டு என்றது. கண்டி கீரையும் நாருள்ள மரக்கறியும் வேண்டாம் என்றது. கொழும்பு பதினான்கு நாள், கண்டி ஏழு நாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு உள்ளவையும் அப்படித்தான். ஒருவர் சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத் தண்ணீர் என்றார், மற்றவர் ஒரு மணித்தியாலம் என்றார். ஒருவர் முட்டையை மூன்றாம் வாரம் தொடங்கச் சொன்னார், மற்றவர் ஐந்தாம் வாரம் என்றார்.

இரண்டு பேரும் படித்த வைத்தியர்கள். இரண்டு பேரும் வயிற்றை வெட்டுகிறவர்கள். இதில் யாரைப் பிழை என்று சொல்வது?

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. மார்க்க விசயத்தில் இரண்டு ஆலிம்கள் இரண்டு விதமாகச் சொன்னால், இறுக்கமானதைப் பிடித்துக்கொள்வோம். அதற்குப் பேணுதல் என்று பெயர். நோன்புக்கு ஸஹர் சாப்பிடும் நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தாலும் கையைக் கழுவிவிடுவோம். இறுக்கமானதைச் செய்தால் இரண்டு பேர் சொன்னதற்கும் நடந்ததாகிவிடும், பிழைக்க இடமில்லை.

நான் வெட்டுத் தாளில், அதாவது சட்டை வெட்டுமுன் மாதிரி கீறும் மண்ணிறத் தாளில், கோடு போட்டு இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதினேன். கொழும்பு நீலம், கண்டி சிவப்பு. ஒருவர் கூடாது என்றால் அதை வெட்டினேன். ஒருவர் சொல்லாததையும் வெட்டினேன். பால் போனது, பவுடர் போனது, சோறு போனது, மீன் போனது, கீரை போனது. பதினான்கு நாளுக்கும் மிஞ்சியது பூசணிக்காய், கரட், வடித்த சூப், தண்ணீர். ஊசி மருந்தைப் பற்றிக் கண்டித் தாளில் ஒன்றும் இல்லை, நுஸ்ரத்துக்குச் சீனி வருத்தம் இல்லை. ஆகவே இன்சுலின் மட்டும் கொழும்பு எழுதியபடி பாதி. இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒரு பிழை இல்லாமல் எழுதி அஸ்மியாவின் குசினியில், அடுப்புக்கு மேல் சுவரில் ஒட்டினேன்.

அவளுடைய கணவர் முனாப் அதைப் பார்த்தார். அவர் இறங்குதுறையில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"மதினி, இதுல சாப்பாடு எந்தப் பக்கம் இரிக்கி?"

"அந்தா, பூசணிக்கா."

"அது மாட்டுக்குப் போடுறதெல்லோ."

"உங்களுக்கா ஒப்பரேசன்?" என்றேன். அவர் போய்விட்டார்.

ஜூலை 16ஆம் திகதி தொடங்கினோம். அஸ்மியா ஒரு சொல் முறையிடவில்லை. நோன்பு பிடித்துப் பழகிய ஆள். காலை நான்கு மணிக்கு எழுந்து மூன்று கடைக்கும் இடியப்பம் பிழிந்துவிட்டு, பூசணிக்காய் சாப்பிட்டாள். நான்காம் நாள் கை நடுங்கியது. நோன்பிலும் நடுங்கும் என்றாள். ஐந்தாம் நாள் ஒரு கடைக்கு இரண்டு தடவை கொடுத்துவிட்டு மற்றக் கடையை மறந்துபோனாள். பதினொரு வருடத்தில் அவள் கடை மறந்ததில்லை. நான் அதையும் நோன்பின் கணக்கில் போட்டேன். ஐந்து கிலோ குறைந்திருந்தது, அந்தச் சந்தோசம் எனக்கு.

ஏழாம் நாள், 22ஆம் திகதி திங்கட்கிழமை, இரத்தப் பரிசோதனைக்காகத் திருகோணமலைக்கு லோஞ்ச் படகில் போனோம். குடாவின் நடுப்பகுதிக்கு வரும்போது அஸ்மியாவின் முகம் எல்லாம் வேர்த்திருந்தது. கடல் ஆட்டமே இல்லை. அவள் என்னைப் பார்த்து, "உம்மா எங்க?" என்று கேட்டாள். உம்மா மௌத்தாகி அடக்கம் செய்து ஒன்பது வருடம்.

எதிர் வாங்கில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். பெயர் கிறிஸ்டின், ஊர் பாலையூற்று, ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. "சீனி வருத்தம் இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே தன் பையில் இருந்த தோடம்பழப் பானத்தைத் திறந்தார்.

நான் கையை நீட்டித் தடுத்தேன். "அது பட்டியலில இல்ல" என்றேன்.

"எந்தப் பட்டியல்?"

"ஒப்பரேசனுக்கு முந்திச் சாப்பிடுற பட்டியல்."

"பிள்ளை, இவ ஒப்பரேசனுக்குப் போய்ச் சேர வேணுமெண்டால் இதைக் குடிக்க வேணும். கையை எடுங்கோ."

எடுத்தேன். அஸ்மியா வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவளுக்கும் பட்டியல் மனப்பாடம். கிறிஸ்டின் அவளுடைய தாடையை ஒரு கையால் பிடித்து, "நீங்கள் எனக்குப் பிறகு ஏசலாம், இப்ப விழுங்குங்கோ" என்று சொல்லிச் சொல்லி அரைப் போத்தல் கொடுத்தார். பத்து நிமிடத்தில் அஸ்மியா, "இது ஆர்?" என்று கேட்டாள். மிச்ச அரைப் போத்தலை நானே அவளுடைய வாயில் பிடித்தேன்.

இறங்குதுறையில் இருந்து நேரே ஆஸ்பத்திரி. வார்ட்டில் இளம் வைத்தியர் ஒருவர் மண்ணிறத் தாளைக் கையில் வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார். காட்டுவதற்காக நான் அதைச் சுவரில் இருந்து கழற்றி மடித்துக் கைப்பையில் கொண்டுவந்திருந்தேன்.

"இதை எழுதின சேர்ஜன் ஆர்?"

"நான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"மூதூர். தையல் வீடு."

அவர் சிரிக்கவில்லை. நானும் பகடியாகச் சொல்லவில்லை. அவர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துப் பேசிவிட்டு வந்து, 30ஆம் திகதி இனி இல்லை என்றார். அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. ஆகஸ்ட் 27ஆம் திகதி கிளினிக்குக்கு வரவேண்டும். நோயாளிக்குச் சொன்னபடி நடக்க ஏலும் என்று அன்று அவர்களுக்குத் திருப்தி வந்தால்தான் புது நாள். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள், மறுபடி அடியில் இருந்து பதியவேண்டும்.

அதற்கு மூன்றாம் நாள் அஸ்மியா என்னிடம் சொன்னாள்.

"ராத்தா, நீங்க ரெண்டு டொக்டருக்கும் நல்ல புள்ளயா இரிக்கப் பாத்தீங்க. எனக்கு இரிக்கிறது ஒரு வயிறுதானே."

"பேணுதலுக்குத்தான் செஞ்சன்."

"தெரியும். அதாலதான் ஏசாம இரிக்கன்."

கொழும்பு கிளினிக்கில் தமிழ் கதைக்கும் வைத்தியர் பிரியதர்சினி எங்களைப் பார்த்தார். முதலில் மண்ணிறத் தாளைப் பார்த்தார். "எழுத்து வடிவாயிருக்கு" என்றார். பிறகு நான் அவரிடம், இரண்டு வைத்தியர்கள் ஏன் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், எது சரி என்று கேட்டேன். ஒரு மாதமாக நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு வெற்றுத் தாளில் இரண்டு வயிறு கீறினார். "முதலில ஒப்பரேசனே வேறை. எங்கட சேர்ஜன் சேர் வயிற்றை நீளப் பக்கமாய் வெட்டிக் குழாய் மாதிரி ஆக்குறவர். இந்தச் சிவப்புப் பக்கத்தைப் பார்த்தால், கண்டியில மற்றவவுக்குச் செய்தது இது, வயிற்றைச் சின்னப் பையாக்கிக் குடலோட பொருத்துறது. ரெண்டும் ஆறுற விதம் வேறை."

"பாலும் பவுடரும்?"

"அதில ஈரலைச் சுருக்க வேணும் எண்டதில எல்லாருக்கும் ஒரே கதைதான். எதைக் குடுத்துச் சுருக்கிறது எண்டதை ஒருத்தரும் இன்னும் முடிவாய் நிரூபிக்கேல்லை. நிரூபிக்காத இடத்தில ஒவ்வொருத்தரும் தங்களுக்குப் படிப்பிச்சவர் செய்ததைச் செய்வினம். தங்கட நோயாளி பட்ட பாட்டைப் பார்த்து மாத்துவினம். எங்கட சேரும் முந்திப் பவுடர்தான் எழுதினவர். ஒரு அம்மா கடையில போலிப் பவுடர் வாங்கி வயிற்றாலை போய் வந்து படுத்தா. அதில இருந்து பால். பால் எந்தக் கடையிலும் இருக்குத்தானே. கண்டி டொக்டருக்குப் பால் செமிக்காத ஆரும் அகப்பட்டிருப்பினம், அவர் பாலை வெட்டியிருப்பார். அவருக்கு ஆக்கள் கிட்ட இருக்கினம், வாராவாரம் பார்ப்பார், அதாலை ஏழு நாள் போதும். எங்களுக்கு மூதூரில இருந்தும் வருவினம், அதாலை பதினாலு."

"அப்ப ரெண்டும் சரியா?"

"தனித்தனியாய் ரெண்டும் சரி. இஞ்ச பாருங்கோ." அவர் பேனையால் கொழும்புத் தாளில் இரண்டு வரிகளைத் தொட்டார். "இன்சுலினை நாங்கள் பாதியாக்கினது இந்த நாலு கோப்பைப் பாலுக்குக் கணக்குப் பார்த்து. நீங்கள் பாலை எடுத்துப்போட்டு ஊசியை அப்பிடியே விட்டிட்டீங்கள். அதாலைதான் லோஞ்சில சீனி இறங்கினது."

எனக்கு விளங்கியது. ஒரு சட்டையின் அளவுக்கு வெட்டிய கையை எடுத்து வேறு சட்டையின் கைக்குழியில் தைத்திருக்கிறேன். இரண்டு துணியும் நல்ல துணி. முப்பது வருடமாகத் தைக்கிறேன், எந்தப் புதுப் பிள்ளை அப்படிச் செய்தாலும் நான் தையலைப் பிரிக்கச் சொல்லியிருப்பேன்.

பிறகு அவர் கொழும்புத் தாளின் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். "விளங்கிக்கொண்டேன் எண்டு இருக்கு. விளங்கினது ஆர்?"

நான், "நான்தான் வாசிச்சுச் சொன்னன்" என்றேன்.

"அதுதான் கேக்கிறன். ஒப்பரேசன் முடிஞ்சு வீட்டை போனால் இவவின்ட வாயை இவதான் பார்க்க வேணும். நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ."

நான் வெளியே இருந்தேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. அஸ்மியா, "டொக்டர், நீங்க ஒண்டு ஒண்டாச் சொல்லுங்க, நான் பிடிச்சிக்குறன்" என்றாள். அவர் சொன்னார். தஸ்பீஹ் ஓதும்போது எண்ணுவது போல அவள் விரல் மடிப்பில் பெருவிரலை வைத்து எண்ணினாள். செய்ய வேண்டியவை வலது கை, கூடாதவை இடது கை. மூன்று தடவை சொல்லக் கேட்டாள். நான்காம் தடவை அவளே சொன்னாள். வலது கையில் ஒன்பது, இடது கையில் எட்டு. ஒன்றும் விடவில்லை. வைத்தியர் இடையில் புகுந்து, "ஆரும் வந்து பால் கூடாது, பவுடர்தான் நல்லம் எண்டால்?" என்று கேட்டார்.

"அது உங்கட டொக்டர்ட தாள், இது என்ட டொக்டர்ட தாள் எண்டு சொல்லுவன்."

"ராத்தா சொன்னால்?"

"ராத்தாட்ட கடுமையாச் சொல்லுவன்."

உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்டோபர் 8ஆம் திகதி வந்து படுக்கச் சொல்லி நாள் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 24ஆம் திகதி முதல் பதினான்கு நாளும் அவளுடைய குசினிச் சுவரில் ஒரு தாளும் இல்லை. காலையில் பால், மதியம் கீரை, விரலில் எண்ணிக்கொண்டு அவளே நடத்தினாள். ஐந்தாம் நாள் கேட்டதற்கு, "எல்லாம் சரியா நடக்குது, நீங்க தைங்க" என்றாள். நான் தைத்தேன். நுஸ்ரத் ஒரு தடவை தொலைபேசி எடுத்துப் பாலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அஸ்மியா மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

இதை எழுதும் நாளில் அவளுடைய எடை எழுபத்தாறு கிலோ, இடுப்பு நாற்பத்தொன்று. கதிரையை முனாப் ஆட்டோ தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அவள் நிலத்தில் நெற்றி வைத்துத் தொழுகிறாள். ஆனால் நான் எழுத நினைத்தது எடையை அல்ல, சத்திரசிகிச்சைக்கு முந்திய நாளை.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு வார்ட்டில் தாதி சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். அஸ்மியாவின் கோப்பில் பெருவிரல் அடையாளத்தைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். வழமை போல நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினேன். அஸ்மியா, "மிஸ் வாசிக்கட்டும்" என்றாள். தாதிக்குத் தமிழ் கொஞ்சம் வரும். ஒவ்வொரு வரியாக வாசித்தார். அஸ்மியா இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாள். ஒன்று, சிறு துவாரத்தால் செய்ய முடியாவிட்டால் வயிற்றைத் திறப்பார்களா என்பது. மற்றது, யார் வெட்டுகிறார் என்பது. பதில் கிடைத்த பிறகு தலையாட்டினாள்.

தாதி மைப்பெட்டியைத் திறந்து அவளுடைய விரலைப் பிடிக்கப் போனார்.

"அத மூடுங்க மிஸ். பேனையத் தாங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிறகு முனாப்தான் சொன்னார்: ஆகஸ்ட் மாதம் கிளினிக்குக்குப் போய்வந்த நாளில் இருந்து, இடியப்பம் கொடுத்துவிட்டு வந்ததும், அடையாள அட்டையைக் குசினி மேசையில் வைத்து அதில் உள்ள பெயரைப் பார்த்துப் பார்த்துக் கீறியிருக்கிறாள். முதல் வாரம் அரிசி மாவில், விரலால். பிறகு பேனையால். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் கோடு போட்டுக் கொடுத்திருப்பேன், அதுதான் அவளுக்கு வேண்டாம்.

அவள் படுக்கையில் நிமிர்ந்து இருந்து, படிவத்தைத் தட்டின் மேல் வைத்து எழுதினாள். அ பெரிதாக வந்தது. ஸ் அதைவிடச் சின்னது. மி கோட்டுக்குக் கீழே இறங்கியது. யா எழுதும்போது இடம் முடிந்துவிட்டது, ஆகவே துணைக்கால் கட்டத்துக்கு வெளியே நின்றது. பேனையை எடுத்த பிறகு ஸ்-ஐ ஒரு தடவை பார்த்து, மேலே புள்ளி வைத்தாள்.

தாதி மைப்பெட்டியை மூடினார். "இனி எல்லா இடத்திலயும் இப்படியே போடோணும், மாத்தக்கூடாது" என்றார். அஸ்மியா, "ஓம், போடுறன்" என்றாள். திகதி எழுத வேண்டிய இடத்தை மட்டும் என் பக்கம் தள்ளினாள், இலக்கம் இன்னும் பழகவில்லையாம். நான் எழுதினேன்: 2024 அக்டோபர் மாதம் 8ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை.